விழுந்த தென்னைக்கு 103 ரூபாய்

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னம்பிள்ளையை இருபத்தைந்து அடிக்கு ஒன்றாக நடுவது வழக்கம். அந்த இடைவெளியில் ஏக்கருக்கு எழுபது மரம், ஹெக்டேருக்குச் சுமார் 175 மரம் நிற்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை உழுதுகொண்டு மேற்கே போனது. லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. சாயாமல் நின்றவற்றிலும் பலவற்றின் குருத்து முறிந்துபோயிருந்தது. அன்று நடப்பில் இருந்த மத்திய அரசின் நிவாரண நெறிமுறை, பல்லாண்டுப் பயிர் அழிந்தால் ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், அதுவும் ஒரு விவசாயிக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான் என்று வரையறுத்திருந்தது. 18,000-ஐ 175-ஆல் வகுத்தால் மரத்துக்கு 103 ரூபாய்கூட முழுதாகத் தேறாது.

நெட்டை ரகத் தென்னை பாளை விட ஆறேழு ஆண்டு ஆகும். அதன்பின் ஐம்பது, அறுபது ஆண்டு காய்க்கும். ஒரு குடும்பத்தில் பேரன் படிப்பதும் பேத்திக்குக் கல்யாணம் ஆவதும் தாத்தா வைத்த மரத்தை நம்பித்தான். அந்த மரத்துக்குத்தான் இந்த விலை. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், விழுந்ததை வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் அறிவித்தது. இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தும் கூலி என்று மாநிலம் கணக்கிட்டதே, அந்த மரத்துக்கென்று மத்திய நெறிமுறை வைத்திருந்த தொகையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இப்படி ஒரு தொகை எங்கிருந்து வந்தது? யாரோ ஓர் அதிகாரியின் கல்நெஞ்சிலிருந்து வரவில்லை. நெறிமுறையின் அடிப்படையே அப்படி. பயிருக்குத் தரப்படும் தொகைக்கு அதில் உள்ள பெயர் இடுபொருள் மானியம். அடித்துப்போன நெல்லின் விலை அதில் இல்லை. அடுத்த பட்டத்துக்கு விதையும் உரமும் வாங்கிக்கொள்ள ஒரு கைத்தாங்கல், அவ்வளவே. மாநில நிவாரண நிதியும் தேசிய நிவாரண நிதியும் உதவிக்காக மட்டுமே, இழப்பை ஈடுகட்ட அல்ல என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. நெல் விவசாயிக்கு இந்தத் தர்க்கம் அரைகுறையாகவாவது பொருந்தும். சம்பா போனால் அடுத்த பட்டம் உண்டு. தென்னைக்கு, பலாவுக்கு, முந்திரிக்கு அடுத்த பட்டம் என்ற ஒன்றே கிடையாது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் விழுந்த பலா மரங்களில் மூன்று தலைமுறை கண்டவை இருந்தன. வேதாரண்யத்தில் மாவும் முந்திரியும் போயின. ஓராண்டுப் பயிரை மனத்தில் வைத்து வெட்டிய அளவுகோலைத் தோப்பின் மீது வைத்ததால் வந்த எண்தான் 103.

2022-இல் நெறிமுறை திருத்தப்பட்டது. பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய் ஆனது. அதே 175 மரத்துக்கு வகுத்தால் 129 ரூபாய்க்குள் அடங்கிவிடும். தொகை உயர்ந்தாலும் அளவுகோல் மாறவில்லை. தென்னைக்கென்று தனிக் காப்பீடு ஒன்றும் இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் பாதி, மாநிலம் கால், விவசாயி கால் என்று பிரீமியத்தைப் பகிர்ந்துகொள்ளும் அந்தத் திட்டத்தில், பதினாறு வயதைத் தாண்டிய மரத்துக்குக் காப்பீட்டுத் தொகை 1,750 ரூபாய்; ஆண்டுப் பிரீமியம் வெறும் 14 ரூபாய், அதில் விவசாயி கட்ட வேண்டியது மூன்றரை ரூபாய். கஜா வந்த பிறகே டெல்டாவின் தோப்புக்காரர்கள் பலருக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பது தெரியவந்தது.

பஞ்ச காலத்தின் நிழல்

இன்றைய நிவாரண முறையின் வேரைத் தேடினால் 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தில் போய் நிற்கும். சென்னை மாகாணத்தில் நிவாரணச் செலவு கூடுகிறது என்று 1877 தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் பிரபு அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது இன்றைய அளவில் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் உடம்பு அதில் தேறாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். சென்னையில் இன்று பறக்கும் ரயில் தடத்தின் கீழே கறுத்துக் கிடக்கும் அந்த நீர்வழியில் பசியோடு மண் வெட்டியவர்களின் உழைப்பு இருக்கிறது.

1880-இல் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. 1883-இல் பஞ்சச் சட்டத்தொகுப்பு வந்தது. உயிரைக் காப்பது அரசின் கடமை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது அதன் பெருமை. அதே சமயம், உதவி கேட்டு வருபவர் உண்மையிலேயே பசித்தவர்தானா என்று சோதித்துப் பார்க்கும் வழிகளையும் அது வகுத்தது. கடினமான வேலை, வீட்டைவிட்டுத் தொலைவில் வேலை, வயிற்றைக் கழுவ மட்டும் போதுமான கூலி. இந்த மூன்றுக்கும் உடன்பட்டு வருபவரே தகுதியுள்ளவர். கேட்பவரை முதலில் ஐயத்தோடு பார், பிறகு கொடு என்பதே அந்தச் சோதனைகளின் சாரம். சுதந்திரத்துக்குப் பிறகு சோதனையின் வடிவம் மாறியது. இன்று மண் சுமக்கச் சொல்வதில்லை. பட்டா, சிட்டா, அடங்கல், ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் கொண்டுவரச் சொல்கிறோம். காகிதம் இருப்பவரே பாதிக்கப்பட்டவர். காகிதம் இல்லாதவரின் மீது அதே புயல் அடித்திருந்தாலும் கணக்கில் அடிக்கவில்லை.

நிதிக் கட்டமைப்பும் படிப்படியாக வளர்ந்ததுதான். 1957-இல் இரண்டாவது நிதிக்குழு, பேரிடருக்கென்று மாநிலங்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வழி செய்தது. ஒன்பதாவது நிதிக்குழு 1990 முதல் பேரிடர் நிவாரண நிதியை உருவாக்கியது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி, தேசியப் பேரிடர் நிவாரண நிதி என்ற இரண்டும் நிலைபெற்றன. மாநில நிதியில் மத்திய அரசு முக்கால் பங்கும் மாநிலம் கால் பங்கும் போடும்; வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மத்தியப் பங்கு 90 விழுக்காடு. அந்த நிதியைத் தாண்டும் அளவுக்குப் பெரிய பேரிடர் என்றால் மாநிலம் கோரிக்கை மனு அனுப்பும், பல அமைச்சகங்களின் அதிகாரிகள் அடங்கிய மத்தியக் குழு வந்து பார்க்கும், உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழு தொகையை முடிவு செய்யும்.

செய்தித்தாள்களில் நாம் படிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான். கஜாவுக்குத் தமிழ்நாடு கேட்டது ஏறக்குறைய 15,000 கோடி. தேசிய நிதியிலிருந்து 2018 டிசம்பர் இறுதியில் ஒப்புதலானது 1,146 கோடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் தென்மாவட்ட வெள்ளமும் வந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இரண்டுக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,907 கோடி. ஒப்புதலானது 682.67 கோடி, கைக்கு வந்தது 276 கோடி. நடுவில் ஒரு விதி இருக்கிறது: மாநில நிதியில் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்ட மிச்சத்தையே மத்திய அரசு விடுவிக்கும். தமிழ்நாடு 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த இடைவெளியை முழுவதும் அரசியல் பழிவாங்கல் என்று சொல்லிவிட்டால் ஒரு முக்கியமான விஷயம் மறைந்துபோகும். மாநிலத்தின் மனுவில் சாலை, பாலம், மின்கம்பம், பள்ளிக்கட்டடம் என்று எல்லாவற்றையும் நிரந்தரமாகத் திரும்பக் கட்டும் செலவு இருக்கும். மத்தியக் குழு கையில் வைத்திருக்கும் நெறிமுறையில் தற்காலிகச் சீரமைப்புக்கு மட்டுமே இடம். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றைத் தற்காலிகமாக நட முடியாது, நட்டால் நிரந்தரமாகத்தான் நட வேண்டும். ஆக, இரு தரப்பும் இருவேறு கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பேசுகின்றன. பதினைந்தாவது நிதிக்குழு இதை உணர்ந்துதான் மீட்பு, மறுகட்டமைப்புக்கென்று தனியே ஒரு பங்கை ஒதுக்கியது. ஆனால் அதன் வேகத்தைப் பாருங்கள்: 2023 மழைக்காலத்தில் நொறுங்கிய இமாச்சலப் பிரதேசத்துக்கு அந்த வழியில் 2,006 கோடி ஒப்புதலானது 2025 ஜூனில். வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பின் கேரளத்துக்கு முதலில் வந்த பெரிய தொகையான 529.50 கோடியோ வட்டியில்லாக் கடன். பாதிக்கப்பட்டோரின் வங்கிக் கடனுக்கு நிவாரணம் பரிந்துரைக்க இடம் தந்த 2005 சட்டத்தின் 13-ஆவது பிரிவு, 2025 திருத்தத்தில் நீக்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றத்தில் வயநாட்டு மக்களின் கடன் தள்ளுபடி குறித்து வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது. இது பின்னோக்கிய நடை என்பதே என் கருத்து.

மாநில அரசுகளின் குறை நியாயமானது. இருந்தாலும் அந்தச் சண்டை கருவூல வாசலோடு நின்றுவிடுகிறது. கேட்ட 15,000 கோடியும் அப்படியே வந்திருந்தாலும், அந்தப் பணம் இறங்கும் படிவம் அதேதான். அந்தப் படிவத்தில் பத்தி இல்லாத ஆட்களுக்கு ஒன்றும் மாறியிருக்காது.

பத்தி இல்லாதவர்கள்

ஒரு தென்னந்தோப்பை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். மரமேறிக் காய் பறிப்பவர், பறித்ததைப் பொறுக்கிக் குவிப்பவர், மட்டை உரிப்பவர், லாரியில் ஏற்றும் சுமைக்காரர், கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துக் காயவைக்கும் பெண்கள், கீற்று முடையும் பெண்கள், விளக்குமாறு கிழிப்பவர்கள், மட்டையை வாங்கும் நார் ஆலையில் வேலை செய்பவர்கள், கயிறு திரிப்பவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு தென்னைகூடக் கிடையாது. மரம் விழுந்த அன்று தோப்புக்காரருக்கு மரம் போனது. இவர்களுக்கு ஆறேழு ஆண்டு வேலை போனது. புதுக் கன்று நட்டுக் காய்ப்புக்கு வரும் வரை பறிக்கவும் உரிக்கவும் முடையவும் எதுவும் இராது. கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலரின் படிவத்தில் சர்வே எண், பரப்பு, மர எண்ணிக்கை, உரிமையாளர் பெயர் இருந்தன. கீற்று முடைந்தவளின் பெயரை எழுத அதில் இடம் இல்லை.

நெறிமுறையில் இவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தினப்படி உதவி என்று ஒரு வரி உண்டு. 2018-இல் அது பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய். 2022 திருத்தத்தில் குடும்பத்துக்கு இருவர் வரை நூறு நாள் வேலைத் திட்டக் கூலி அளவுக்கு அதை உயர்த்தினார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் அதன் காலம் நாட்களில் எண்ணப்படுகிறது, சாதாரணமாக ஒரு மாதம். விவசாயியின் இழப்பைப் பருவத்தால் அளக்கும் நெறிமுறை, கூலியின் இழப்பை நாளால் அளக்கிறது. தென்னையின் காலக்கணக்குக்கு இரண்டுமே பொருந்தாது.

கடற்கரையிலும் இதே கதைதான். முழுதும் சேதமான படகுக்கு 2022-இல் திருத்திய நெறிமுறை 15,000 ரூபாயும் வலைக்கு 4,000 ரூபாயும் வைத்தது. தொகை போதாது என்பது ஒருபுறம். பதிவுள்ள படகுக்காரர் பட்டியலில் வந்துவிடுவார் என்பது மறுபுறம். தலைச்சுமையாக மீன் விற்கும் பெண், கருவாடு காயவைப்பவள், வலை பின்னிப் பிழைப்பவர், வேதாரண்யம் உப்பளத்தில் பாத்தி வாருபவர் ஆகியோரிடம் பதிவு எண் ஏது? கஜாவுக்குப் பின் உப்பளங்களில் சேறு படிந்து கிடந்தது. அதை வழித்தெடுக்கும் வரை அங்கே கூலி வேலை நின்றது.

குத்தகைக்காரர் நிலை இன்னும் சிக்கலானது. காவிரிப் படுகையில் கோயில், மடம், ஆதீன நிலங்கள் ஏராளம். பதிவான குத்தகையும் உண்டு, வாய்மொழிக் குத்தகையும் உண்டு. 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பெயர் ஏறியவருக்குச் சிக்கல் குறைவு. உள்குத்தகைக்கு உழுபவரும், ஆண்டுக்கு ஆண்டு வாய்ப்பேச்சில் நிலம் எடுப்பவரும் அடங்கல் வாங்க நிலக்காரரின் தயவை நாட வேண்டும். நிலக்காரர் தயங்குவார். ஒருமுறை பெயர் எழுத்தில் ஏறினால் நிலம் கைவிட்டுப்போகும் என்ற அச்சம் அவருக்கு. இந்த முடிச்சு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஒடிசாவில் நிலச் சீர்திருத்தச் சட்டமே சிலரைத் தவிர மற்றவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைத் தடை செய்கிறது. ஆகவே லட்சக்கணக்கான பங்குச் சாகுபடியாளர்கள் சட்டத்தின் கண்ணில் இல்லாதவர்கள். அதே மாநில அரசுதான் பயிர்ச்சேத மானியம் நிலத்தில் உண்மையில் உழுதவருக்கே போக வேண்டும் என்று தன் நிவாரண ஆணைகளில் எழுதுகிறது. ஆந்திரம் 2019-இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்து பதினொரு மாத அட்டை தந்தது. அதற்கும் நிலக்காரரின் கையெழுத்து வேண்டியிருந்ததால் பலருக்கு அட்டை எட்டவில்லை.

வீடுகளுக்கு வருவோம். 2018 நெறிமுறைப்படி சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு, மண்சுவர் வீடானாலும் கல்வீடானாலும், 95,100 ரூபாய். குடிசை என்று வகைப்படுத்தினால் 4,100 ரூபாய். இருபத்து மூன்று மடங்கு வித்தியாசம். டெல்டாக் கிராமங்களில் மண்சுவரும் கீற்றுக்கூரையும் உள்ள வீடுகள்தான் ஏழைகளின் வீடு. அது மண்வீடா, குடிசையா? அந்தத் தீர்ப்பை வழங்குபவர் களத்தில் நிற்கும் ஓர் அலுவலர், பெரும்பாலும் ஒரு நாளில் பல நூறு வீடுகளைப் பார்த்தாக வேண்டிய நெருக்கடியில். 2022-க்குப் பின் இந்தத் தொகைகள் 1,20,000, 8,000 என்று மாறின. பதினைந்து மடங்கு வித்தியாசம் இன்னும் நிற்கிறது. இதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: சேதமான வீடு அங்கீகாரம் பெற்ற கட்டுமானமாக இருக்க வேண்டும். வாய்க்கால் ஓரப் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் கோயில் மனையிலும் இருப்பவர்களின் நிலை என்ன? வெள்ளம் முதலில் நுழைவது அவர்கள் வீட்டில்தான். திருவள்ளூர், செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களின் இருளர் குடியிருப்புகளில் பட்டாவும் சாதிச்சான்றும் ரேஷன் அட்டையும் இல்லாத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மிக அதிகம் நனைபவரிடம் மிகக் குறைந்த காகிதம் இருப்பது தற்செயல் அல்ல. நல்ல மேட்டு நிலம் யாருக்குப் பட்டாவானது, தாழ்ந்த நிலத்துக்கு யார் தள்ளப்பட்டார்கள் என்பது இந்த நாட்டில் சாதியின் வரலாறு.

2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினத்தில் இது கண்ணெதிரே நடந்தது. மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்துகள் வலுவாக இருந்ததால் நிவாரணம் அவற்றின் வழியே விரைவாகப் போய்ச் சேர்ந்தது. உள்ளே தள்ளி இருந்த தலித் குடியிருப்புகளில், மீன்பிடிச் சார்பு வேலைகளில் இருந்தவர்களும் வயற்கூலிகளும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாம்களில் அவர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டதும் ஆய்வாளர்களால் விரிவாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. பட்டியலை எழுதும் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறுகிறது.

உயிரைக் காக்கத் தெரிந்த அரசு

இத்தனைக்கும் இந்திய அரசுகளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் ஒடிசாவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே அம்மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி ஆணையத்தை அமைத்தது. புயல் காப்பகங்கள் எழுந்தன. ஒவ்வொரு கிராமத்திலும் யாரை யார் அழைத்துப்போவது என்பது வரை எழுதி ஒத்திகை பார்த்தார்கள். 2013 பைலின் புயலின்போது பத்து லட்சம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள், இறந்தவர்கள் ஐம்பதைத் தொடவில்லை. 2019 ஃபானி புயலுக்கு முன் பன்னிரண்டு லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். கஜாவுக்கு முன் தமிழ்நாட்டிலும் எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குப் போனார்கள். வெளியேற்றும்போது எந்த அலுவலரும் பட்டா கேட்பதில்லை. கதவைத் தட்டி, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மறுநாள் காற்று அடங்கியதும் அதே அலுவலகம் அதே மக்களிடம் ஆவணம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. முதல் நாளின் அறம் இரண்டாம் நாளுக்கு ஏன் நீளக் கூடாது என்பதே நான் இந்தக் கட்டுரையில் கேட்கும் ஒரே கேள்வி.

நீளும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஃபானிக்குப் பின் புரி மாவட்டத்திலும் கடுமையாகச் சிதைந்த குர்தா பகுதிகளிலும் உணவுப் பாதுகாப்பு அட்டை உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50 கிலோ அரிசி, 2,000 ரூபாய், கூரைக்குப் பாலித்தீன் விரிப்பு என்று ஒடிசா அறிவித்தது. வீடு வீடாகச் சேதம் அளக்கும் வரை காத்திருக்கவில்லை. மிக்ஜாமுக்குப் பின் தமிழ்நாடு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாயை ரொக்கமாகத் தந்தது. சென்னையில் தண்ணீர் நின்றது டிசம்பர் 4-இல். டோக்கன் கொடுத்துப் பணம் வழங்கத் தொடங்கியது 17-ஆம் தேதி. அனைவருக்குமான பொதுவிநியோகத்தை இந்த மாநிலம் விடாமல் காத்துவந்ததன் பலன் அது. அதற்கும் விளிம்பு இருந்தது: சொந்த ஊரில் அட்டையும் சென்னையில் வாடகை வீடுமாக வாழ்பவர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள், அட்டையே இல்லாதவர்கள். அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று பிறகு படிவம் கொடுத்தார்கள். அந்தப் பின்வாசல் திறந்ததே ஒரு முன்னேற்றம்.

மேற்கு வங்கத்தின் அனுபவம் வேறொரு பாடம். 2020 மே 20 ஆம்பன் புயலுக்குப் பின் முழுதும் இடிந்த வீட்டுக்கு 20,000 ரூபாய் என்று அறிவித்து, பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை ஊராட்சிகளிடம் விட்டார்கள். மாடி வீட்டுக்காரர்கள் பெயரும் ஊராட்சிப் பிரமுகர்களின் உறவினர் பெயரும் பட்டியலில் வந்தன. மக்கள் தெருவில் இறங்கினார்கள். சிலர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் விசாரணைக்கு உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் யாஸ் புயல் வந்தபோது முறையை மாற்றினார்கள். ஊர்தோறும் முகாம் போட்டுப் பாதிக்கப்பட்டவர்களே நேரடியாக விண்ணப்பம் கொடுத்தார்கள், அலுவலர்கள் களத்தில் சரிபார்த்தார்கள், பணம் வங்கிக் கணக்குக்குப் போனது. பட்டியலை மூடிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததுதான் அங்கே நடந்த மாற்றம்.

விதி கல்லில் வெட்டியதல்ல என்பதற்கு ஒக்கிப் புயலும் சாட்சி. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலில் காணாமல்போன மீனவர்கள் சட்டப்படி இறந்தவர்களாகக் கருதப்பட ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு அந்தக் குடும்பங்கள் எதை உண்டு வாழும்? குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்து மீனவ மக்கள் போராடினார்கள். காத்திருப்பைத் தளர்த்தி அரசு நிவாரணம் வழங்கியது. பயிர்ச்சேதம் பாதியைத் தாண்டினால்தான் மானியம் என்றிருந்த விதியை 2015-இல் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்ததும் அப்படித்தான். விவசாயிகள் விடாமல் கேட்டதால் மாறியது.

2022-இல் வகுத்த நெறிமுறை 2025-26 வரைக்கானது. அடுத்த ஐந்தாண்டுக்கான நெறிமுறை எழுதும்போது தொகைகளை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தினால் மட்டும் போதாது. பல்லாண்டுப் பயிரை ஹெக்டேர்க் கணக்கிலிருந்து மரக்கணக்குக்கு மாற்ற வேண்டும், மரத்தின் வயதும் அதில் வர வேண்டும். 175 மரத்துக்கு 1,92,500 ரூபாய் என்று மாநிலம் ஒருமுறை செய்து காட்டிய கணக்கை மத்திய நெறிமுறை ஏற்க முடியாதது ஒன்றும் அல்ல. வீட்டுக்குரிய தொகைக்கு அங்கீகாரச் சான்று கேட்பதை விட்டுவிட்டுக் குடியிருந்ததற்கான சான்றை ஏற்க வேண்டும். மின் இணைப்பு, வாக்காளர் பட்டியல், அக்கம்பக்கத்தார் சொல் எதுவானாலும் சரி. குடிசை என்ற தனி வகை நீங்க வேண்டும். இடிந்த கூரைக்குள் இருந்ததும் ஒரு குடும்பம்தான். சாகுபடி மானியம் உழுதவருக்கு என்று ஒடிசாவின் ஆணையில் உள்ள வரியை நாடு முழுதுக்கும் பொதுவாக்கலாம்.

கூலிக் குடும்பங்களைப் பொறுத்தவரை, அவர்கள் வேலை எத்தனை காலம் நிற்கும் என்பதே அளவாக வேண்டும். நெல் வயலானால் ஒரு பட்டம், உப்பளமானால் சேறு வழிக்கும் மாதங்கள், தோப்பானால் புதுக்கன்று பாளை விடும் வரை ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்களுக்கு உறுதியான கூலி வேலை. இதற்கு முதலில் யார் எந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். புயலுக்குப் பின், மின்சாரமும் சாலையும் இல்லாத வாரத்தில், அதை எழுத உட்காரும்போதுதான் தவறும் ஊழலும் நுழைகின்றன. மே 1 அன்றும் ஆகஸ்ட் 15 அன்றும் கூடும் கிராம சபைகளில், எல்லாத் தெருக்காரர்கள் முன்னிலையிலும் பெயர்களை வாசித்து, விடுபட்டவர்களைச் சேர்த்து அந்தப் பட்டியலை முடித்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் அது வட்டாட்சியர் அலுவலகத்தில் தயாராக இருக்கும்.